இரண்டு மடங்கு ட்ரே

சனிக்கிழமை, இரவு.

எதிர்வீட்டுக் கதவை இத்தனை வருடமாக நான் ஏன் தட்டவில்லை?

நாளை மகளின் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஆட்கள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு என்பதால் ரவையும் முந்திரியும் சேர்த்துச் செய்யும் லவ் கேக் கலவையையும் இரண்டு மடங்காக்கினேன். புதிதாக வாங்கிய ட்ரேயோ பழையதைவிட நீளத்திலும் இரண்டு மடங்கு, அகலத்திலும் இரண்டு மடங்கு. ஊற்றியபோது பாதி உயரம்தான் வந்தது. அப்படியே வேகவைத்தால் உள்ளே ஈரமின்றிக் காய்ந்துவிடும்.

“கணக்கில பட்டம் எடுத்தனீங்கள், அம்மா! பரப்பு நாலு மடங்கெல்லோ?” என்று சிரித்த மகள், நான் தடுக்குமுன் எதிர்வீட்டு ரஸியாவைக் கூட்டி வந்துவிட்டாள்.

ரஸியா புது ட்ரேயையும் பக்கத்திலிருந்த பழையதையும் எட்டிப் பார்த்தார். “இது கேக்கா, பிஸ்கட்டா, மிஸ்? உங்கட பழைய ட்ரே சைஸ்ல எங்கிட்டயும் ஒண்டு ஈக்கிது. பாதியத் தாங்க, எங்கட ஓவன்ல போடுறன்.”

பாதியை அவரிடம் கொடுத்துவிட்டு, மீதியை என் பழைய ட்ரேயிலேயே ஊற்றினேன். மாலையில் இரண்டு வீட்டிலும் ஒரே வாசம்.

ஞாயிற்றுக்கிழமை.

“கேக் ஆர் செய்தது?” என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார். “நானும் ரஸியாவும்” என்றேன். ரஸியாவின் ட்ரேதான் முதலில் முடிந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. பலகாரமும் வாழைப்பழமும் நிரப்பி, நானே போய்க் கதவைத் தட்டினேன்.