தாழ்ப்பாளில் துண்டு இல்லாத நாள்

பிலோமினாவின் அப்பாவுக்கு, நீங்கள் விட்டுப்போன வீட்டிலிருந்து, குறையாத அன்புடன் எழுதுகிறேன்.

இதை மடித்து உங்கள் கல்லறையில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அச்சில் கொடுக்கிறேன். உங்கள் சாவைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் நாலு பேர் நடுவில் பேசியது. பதிலும் நாலு பேர் படிக்கும்படி இருக்கட்டும்.

உங்கள் வழக்கை மறுபடி எடுத்திருக்கிறார்கள். நீங்கள் போனபோது நாம் திருக்கொச்சி மாநிலத்தில் இருந்தோம். கோபாலபுரம் சாவடிக்கு அப்பால் மதராஸ். உங்கள் தோப்பு முதலமடையில், சந்தேகப்பட்ட மனிதரின் மண்டி பொள்ளாச்சியில். இந்தப் பக்கத்துப் போலீஸ் அந்தப் பக்கத்தைக் கை காட்டியது, அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தை. கடைசியில் துப்புத் துலங்கவில்லை என்று கட்டி வைத்துவிட்டார்கள். இப்போது கேரளம் என்று புது மாநிலம். புது அரசுக்கு மனு எழுதிப் போட்டது யார் தெரியுமா? உங்கள் மகள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவைக் கொன்றது மீரான் ராவுத்தர்தான், அவரை விடக்கூடாது என்று புருஷன் வீடு இருக்கும் மாட்டுப்பட்டி மலையிலிருந்து எழுதியிருக்கிறாள்.

அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். தன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கென்று மலையிலிருந்து இறங்கி வந்தவள், உங்கள் அடக்கத்துக்கு நின்றாள். யார் மேலாவது அந்தக் கோபத்தை இறக்கி வைக்க வேண்டாமா?

ராவுத்தர் உங்கள் கூட்டாளி. சின்ன வயதிலிருந்தே உங்களை அண்ணே என்று கூப்பிட்டவர். நீங்கள் மாங்காய் பறித்து மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பீர்கள், அவர் வண்டியேற்றிக் கொண்டுபோய் விற்பார். நீங்கள் போன அன்றைக்கு முந்தின நாள் இரண்டு பேரும் முற்றத்தில் நின்று சத்தம் போட்டீர்கள். காய் முற்றவில்லை என்று அவர், முற்றியது என்று நீங்கள். "அண்ணே, உங்களத்தான் மூட்டத்துல போட்டு மூடோணும். அப்பவாச்சும் பழுக்கறீங்களான்னு பாப்போம்" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். தோப்பில் வேலை செய்தவர்களும் சிரித்தார்கள். மறுநாள் உங்களை மூட்ட அறையிலிருந்து எடுத்தபோது, அந்தச் சிரிப்பு யாருக்கும் நினைவில் இல்லை. பேச்சு மட்டும் நினைவில் இருந்தது.

இப்போது விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் சங்கரப்பிள்ளை தெற்கத்திக்காரர். மப்டியில், ஒரு கறுப்புக் குடையும் ஒரு கான்ஸ்டபிளுமாக வந்தார். மரியாதை தெரிந்தவர், ஆனால் விடாக்கண்டர். வாக்குமூலம் எழுத உட்கார்ந்ததும், "அம்மச்சி, பர்த்தாவோட பேரு பறயணும்" என்றார்.

"கேட்டில் எழுதியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கினான். கான்வென்டில் படித்தவள் புருஷன் பெயர் சொல்ல மாட்டாளா என்று நினைத்திருப்பார்கள். சிஸ்டர்கள் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார்கள், தையல் சொல்லிக் கொடுத்தார்கள். இதை மாற்ற அவர்களாலும் முடியவில்லை.

படிக்கிறவர்களுக்காக மூட்ட அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் இல்லாத அறை. வைக்கோல் பரப்பிக் காய் அடுக்கி, சட்டியில் தேங்காய் மட்டையைக் கனியவிட்டுப் புகை நிரப்பி, கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் சேறு பூசுவோம். புகை வெளியே போனால் அத்தனை காயும் வெம்பிவிடும். நடுவில் பதம் பார்க்க யாராவது உள்ளே போனால், கதவைத் துளி திறந்து வைத்து, தோளில் கிடக்கும் துண்டை வெளித் தாழ்ப்பாளில் தொங்கவிட்டுப் போக வேண்டும். துண்டு தொங்கினால் உள்ளே ஆள். தொங்காவிட்டால் யாரோ சரியாகச் சாத்தவில்லை என்று அர்த்தம். பார்க்கிறவர் அந்த நிமிஷமே சாத்திப் பூச வேண்டும். நம் தோப்பில் பிறந்த பூனைக்குக்கூட இது தெரியும்.

அன்றைக்குக் கதவு சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, சேறும் பூசியிருந்தது. நீங்கள் உள்ளே இருந்தீர்கள். துண்டு வெளியே இல்லை. ஆகவே, துண்டைப் பார்த்தும் யாரோ அதை எடுத்து ஒளித்துவிட்டு உங்களை உள்ளே வைத்துப் பூசிவிட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. நான் நம்பவில்லை. ராவுத்தர் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி குடிக்கப் போவதையும் நிறுத்தவில்லை. "புருஷனக் கொன்னவன் ஊட்டுல கஞ்சி குடிக்கறா பாரு, படிச்ச பொம்பள" என்று என் காதுபடவே சொன்னார்கள். நிமிர்ந்துதான் நடந்தேன். ஆனால் உங்களிடம் சொல்கிறேன், கையில் ஒரு சான்றும் இல்லாமல் நிமிர்ந்து நடப்பது கழுத்தை வலிக்கச் செய்யும்.

இன்ஸ்பெக்டர் என் கழுத்தை வளைக்கவே ஒரு செய்தி கொண்டுவந்திருந்தார். "ராவுத்தர் அன்னு சாயங்காலம் வரைக்கும் பொள்ளாச்சியில இருந்தேன்னு மொழி கொடுத்திருக்கு. அது கள்ளம் அம்மச்சி. அவரோட வண்டி உச்சைக்கே கோபாலபுரம் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கு. சாவடிக்காரன் சொல்றான்."

மனு விசாரணைக்கென்று மலையிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்ற பிலோமினா, "இப்ப என்ன சொல்றீங்கம்மா?" என்றாள்.

வண்டி பிடித்துக் கொல்லங்கோட்டில் ராவுத்தர் வீட்டுக்குப் போனேன். மனிதர் இளைத்துப் போயிருக்கிறார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. நின்றபடியே கேட்டேன்: "போலீஸிடம் ஏன் பொய் சொன்னீர்கள்?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மதினி, அன்னைக்கு அரிசி எல்லை தாண்டக் கூடாது. ரேசன் காலம். புள்ள ஞானஸ்நானத்துக்கு நல்ல அரிசி வேணும்னு அண்ணன் சொன்னாரு. காலி மாங்கூடைக்கு அடியில வச்சுக் கொண்டாந்து உங்க களத்துக்குப் பின்னால எறக்கிட்டுப் போயிட்டேன். போற வழியிலதான் சேதி வந்துச்சு."

"அதைச் சொல்லியிருந்தால் தப்பியிருப்பீர்களே?"

"செத்த மனுசன் பேருல கள்ள அரிசிக் கேசு போடுவானுக. அவுக மானத்த வித்து நான் தப்பிக்கணுமா? போங்க மதினி."

நிஜமா? உங்களைக் கேட்க முடியாது. களத்துக்குப் பின்னால் அன்று கிடந்த மூட்டையை, உங்கள் அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு உலை வைக்க நானே பிரித்தேன். எங்கிருந்து வந்தது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அது போதும். இன்ஸ்பெக்டருக்குப் போதவில்லை. "நாளைக்குக் காலைல ராவுத்தரை அழைச்சுட்டுப் போறோம் அம்மச்சி. ஒரு சாதனம் மட்டும் நீங்க பார்த்துச் சொல்லணும்" என்றார்.

பழைய பொட்டலம் ஒன்றை அவிழ்த்தார். உங்கள் துண்டு. புகை ஏறிப் பழுப்பாகிவிட்டது, ஆனாலும் ஓரத்தில் நான் போட்ட சிவப்பு நூல் தையல் அப்படியே இருந்தது.

"இது எங்கே கிடைத்தது?"

"வாயில். வாயிலும் மூக்கிலும் அமர்த்தி வச்சிருந்தது. சத்தம் போடாதிருக்கத் துணி திணிச்சிருக்கு அம்மச்சி. பலமுள்ள ஆளு செஞ்ச வேலை."

இத்தனை வருஷமும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கதவைத் திறந்தவர்கள் புகையில் உங்கள் காலை மட்டும் பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள். போலீஸ் வரும்வரை யாரும் தொடவில்லை. வந்தவர்கள் மூடித்தான் தூக்கிப் போனார்கள்.

"திணித்திருந்ததா, அவர் கையே பிடித்திருந்ததா?" என்று கேட்டேன். பழைய குறிப்பைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "அவரோட கைதான் பிடிச்சிருந்தது" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புகை அதிகம் என்று துண்டை நனைத்து மூக்கில் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறீர்கள். தாழ்ப்பாளில் தொங்கவிட வேறு துண்டு இல்லை. ஒரு நிமிஷ வேலைதானே என்று நினைத்தீர்களா? தலை சுற்றி வைக்கோலில் உட்கார்ந்துவிட்டீர்களா? யாரையாவது கூப்பிட்டீர்களா?

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். நம்பவில்லை. "ஆளு உள்ளே உண்டோன்னு பார்க்காம எந்த மனுஷனாவது கதவு அடைப்பானா அம்மச்சி? சேறு பூசுவானா?"

"உங்கள் குடையைக் கொடுங்கள்" என்றேன்.

மூட்டம் போட்ட அறை ஒன்று தயாராகத்தான் இருந்தது, பருவமல்லவா. குடையை வாங்கிப் போய் உள்ளே காய் அடுக்கின் மேல் சாய்த்து வைத்தேன். கதவைத் துளி திறந்து விட்டேன். தாழ்ப்பாளில் ஒன்றும் தொங்கவிடவில்லை. பிறகு வராந்தாவில் அவர் எதிரே வந்து உட்கார்ந்து, பேசாமல் இருக்கச் சொன்னேன். முற்றத்தில் எப்போதும் யாராவது போவார்கள், வருவார்கள். தோப்பில் வேலை செய்யும் மருதாயி தண்ணீர் எடுக்க வருவாள் என்று நினைத்தேன்.

புகை நூல் மாதிரி வெளியே வந்தது. ராவுத்தரின் உயிர் அந்தப் புகையில் ஆடுவது போல இருந்தது எனக்கு. யாரும் சாத்தாமல் போய்விட்டால்? சாத்துமுன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டால்? மருதாயி வரவில்லை.

பிலோமினா வந்தாள். ராத்திரி முழுக்க அழுதிருந்தாள். கிணற்றடியிலிருந்து முகம் துடைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரிடம் நேராகப் பேசிவிடுவது என்ற வேகத்தில் முற்றத்தைத் தாண்டினாள். மலையில் தேயிலைக்கு நடுவில் இத்தனை வருஷம் இருந்தவள். மூட்ட வேலையைக் கடைசியாகத் தொட்டது கல்யாணத்துக்கு முன்னால். நடக்கிற வேகம் குறையாமல் புகையைப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஆரு இங்க? கதவத் தொறந்து போட்டுட்டுப் போயிருக்கீங்க, காயி அத்தனையும் வெம்பறதுக்கா?" என்று தோப்புப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டாள். கதவை இழுத்தாள், தாழ்ப்பாள் போட்டாள். பக்கத்துச் சட்டியிலிருந்து சேறு அள்ளி இடுக்கில் வழித்தாள். உள்ளே பார்க்கவில்லை. கையை உதறிக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்று, "சார், எங்கப்பாவ உள்ள வச்சுப் பூசுனவன நீங்க விடக்கூடாது" என்றாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார்.

"பிலோமினா, அந்த அறைக்குள்ளே இவருடைய குடை இருக்கிறது" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. பிறகு கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் கையை. சேறு விரல்களில் காயத் தொடங்கியிருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்தாள். உங்கள் துண்டை அவள் மடியில் வைத்து, அது உங்கள் வாயில் எப்படி வந்தது என்று சொன்னேன்.

துண்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப அன்னைக்கு மூடுனது ஆரும்மா?"

இன்ஸ்பெக்டரும் அதையேதான் கேட்டார். அன்று முற்றத்தில் நடந்தவர்கள் யார் யார் என்று பேனாவைத் திறந்தார். "முதலில் என் பெயரை எழுதுங்கள்" என்றேன். நான் அன்று எத்தனையோ தடவை அந்த வழியாகப் போனேன். கதவைச் சாத்தியது நினைவில்லை. சாத்தாததும் நினைவில்லை. எச்சில் விழுங்குவதை யார் நினைவு வைத்துக்கொள்கிறார்கள்? "அதற்குக் கீழே வேலைக்கு வந்த எல்லோரையும் எழுதுங்கள். ராவுத்தர் களத்துக்குப் பின்னால்தான் வந்தார், முற்றத்துக்கு வரவில்லை. அவரை மட்டும் எழுத முடியாது."

அவர் பேனாவை மூடினார். "அம்மச்சி, இது கொலைக் கேஸ் இல்லா" என்றார். அதைத் தாளில் எழுதவும் வைத்தேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, இரண்டு இடத்தில் திருத்தினேன். போகும்போது குடையை மறந்துவிட்டார். கான்ஸ்டபிள் திரும்பி வந்து வாங்கிப் போனான்.

மறுநாள் காலையில் ராவுத்தரை அழைத்துப் போகப் போலீஸ் வரவில்லை. பிலோமினாதான் போனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முற்றத்தில் நின்று காயை அழுத்திப் பார்த்தவர், "மதினி, இது முத்தல" என்றார். முற்றிவிட்டது என்று நான் சொன்னேன். இருவரும் கொஞ்ச நேரம் உங்களுக்காகக் காத்திருந்தோம்.

ஒன்று மட்டும் மாற்றிவிட்டேன். துண்டை இனி நம்ப மாட்டேன். இந்தத் தோப்பில் எவரும், உள்ளே குரல் கொடுத்து, பதில் வரவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் மூட்டக் கதவைச் சாத்தக் கூடாது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று மருதாயி கேட்டாள். உங்கள் பெயரைச் சொல்லச் சொன்னேன். இப்போது கதவு சாத்தும்போதெல்லாம் தோப்பில் அந்தப் பெயர் கேட்கிறது.

நேற்று மூட்டம் சாத்துகிற முறை எனக்கு வந்தது. கதவடியில் நின்றேன். கல்யாணமான நாள் முதல் என் வாயில் வராத பெயர். புகைக்குள் முகத்தை நீட்டி, சவரிமுத்து என்று கூப்பிட்டேன். பதிலுக்காக நின்றேன், வராதென்று தெரிந்தும்.

என் கை ஓயும்வரை, ஒவ்வொரு மூட்டத்துக்கும் அப்படியே கூப்பிடுவேன். கூப்பிடாமல் ஒரு கதவையும் சாத்த மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் வீட்டுக்காரி,
பிலோமினாவின் அம்மா, லூர்தம்மாள்