அம்மனுக்கு வைத்த தண்ணீர்

ஜூலை 4, வியாழன்

அவர் இன்று காலை வந்துவிட்டார். வடக்கே மழை பிடித்துக்கொண்டதாம், ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியைத் திருச்செங்கோட்டுக்கே திருப்பிவிட்டார்கள். அழுக்குத்துணி ஒரு மூட்டை. முக்கினால் தண்ணீர் செம்மண்ணாய் ஓடுகிறது. எந்த ஊர் மண்ணோ, எங்கள் கொல்லையில் போகிறது.

அவர் பெயர் மாதேஷ். வாயால்தான் சொல்லக்கூடாது, எழுதலாம் இல்லையா? இந்த டைரி அவர் முதலாளி கொடுத்தது. அட்டையில் மோட்டார் படம். பால் கணக்கு எழுத வாங்கி வைத்தேன். மாடு போய்விட்டது, டைரி மிஞ்சியது. அஞ்சாவதோடு நின்றவளுக்கு டைரி எதற்கு என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

ஏழு வருஷம் கழித்து எனக்கு இப்போது இரண்டு மாசம். போனில் சொன்னபோது வண்டி இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. திரும்பத் திரும்பக் கத்தினேன். தெருவுக்கே கேட்டது, அவருக்குத்தான் கடைசியில் கேட்டது.

ஜூலை 6, சனி

காலையில் அவருக்கு உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. கண்ணும் சிவப்பு. லேசான காய்ச்சல், விரல் மூட்டெல்லாம் நோவுகிறதாம்.

அத்தை ஒரு பார்வை பார்த்தார். என் மாமியார் முத்தாயம்மாள் பார்த்தாலே தீர்ப்புதான். "ஆத்தா வந்திருக்கறா. மருந்து கிருந்துன்னு ஆரும் ஆசுபத்திரி போகப்படாது."

நிலையில் வேப்பிலை செருகியாகிவிட்டது. வாசலில் பெரிய பித்தளை அண்டா நிறையத் தண்ணீர், மஞ்சள், வேப்பங்கொத்து. அவருக்கு வாசல் பக்கம் பாய். எனக்கு உள்ளறை.

"வவுத்துப்புள்ளக்காரி, அக்கட்டால போ சாமி. ஆத்தா எறங்கற வரைக்கும் அவன் மொகத்துலயே முழிக்காத."

சரி என்றேன். மேச்சேரி ஆடு இரண்டு வளர்த்தோமே, அதில் ஒன்றுக்கு அம்மை கண்டபோதும் அத்தை இதே அண்டாவைத்தான் வைத்தார். ஆடு பிழைத்தது. அதற்குப்பின் அண்டாவை யார் என்ன சொல்ல முடியும்?

ஜூலை 10, புதன்

தடிப்பு மறைந்துவிட்டது. தலைக்குத் தண்ணீர் வார்த்தார்கள். ஆனால் வாசலிலிருந்து அண்டாவையும் அவர் பாயையும் அத்தை எடுக்கவில்லை. ஆடி முதல் வெள்ளிக்குக் கூழ் ஊற்றித்தான் எடுப்பாராம். வேண்டுதல்.

ஜூலை 13, சனி

சோறு தின்றுகொண்டே சும்மா சொன்னார். கூட வேலை செய்த முருகானந்தம் போன் பண்ணினானாம். இவர்கள் கடைசியாய்ப் போர் போட்ட ஊரில் ஆளுக்காள் ரத்தம் எடுக்கிறார்களாம். ஜிகா என்று ஏதோ காய்ச்சல். கொசுவால் வருவதாம். முருகானந்தத்துக்கும் தடிப்பு வந்ததாம்.

"ஏனுங்க, உங்களயும் கடிச்சுதுங்களா?"

"கடிக்காமயா? பட்டப்பகல்லயே மொய்க்கும். கால்ல கோடு கோடாப் போட்ட கொசு. கொளம்பு ஊத்து."

ஊற்றினேன்.

ஜூலை 15, திங்கள்

மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனேன். நர்சம்மா ஜோதி எப்போதும் சிரிக்கிற ஆள். போன தடவை என் எடையைப் பார்த்துவிட்டு, "உங்க மாமியா உன்னயக் கறிக்கு வளக்கறாங்களா?" என்று கேட்டவர். இன்று வீட்டுக்காரருக்கு வந்த காய்ச்சலைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பில்லை.

பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். எல்லாம் சொன்னார்கள். நிறையப் பேருக்கு ஒன்றுமே தெரியாமல் வந்து போய்விடுமாம். வந்தவருக்கும் பெரிதாய்க் கெடுதல் இல்லையாம். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்குப் போனால் மூளை வளராமல் தலை சிறுத்துப்போகலாம். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகாது. ஆகவும் ஆகலாம். தடுப்பூசி இல்லை. தனி மருந்து இல்லை.

"கொசுவுல மட்டும் இல்ல சித்ரா. ஊட்டுக்காரர்கிட்ட இருந்து பொண்டாட்டிக்கும் வரும். காய்ச்சல் எறங்கினாலும் மாசக்கணக்குல அவர் உடம்புல இருக்கும். கொழந்த பொறக்கற வரைக்கும் சேரக்கூடாது. இல்லன்னா ஒவ்வொரு தடவையும் ஆணுறை. தெரிஞ்சுதா?" என்று கேட்டார் நர்சம்மா.

தலையாட்டினேன். என்னைக் கூட்டிவந்தவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். டாக்டர் போய்ச் சொல்வதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இரண்டு பேருக்கும் ரத்தம், மூத்திரம் எடுத்தார்கள்.

அத்தை சொன்ன அம்மைக் கட்டுப்பாடு ஒருவிதத்தில் நல்லதாய்ப் போயிற்று என்றார் நர்சம்மா. ஆனால் அது சனிக்கிழமை. அவர் வந்தது வியாழன். அந்த இரண்டு ராத்திரியை நான் இதில் எழுதவில்லை. எழுதாவிட்டால் இல்லையென்று ஆகுமா?

ஜூலை 16, செவ்வாய்

நர்சம்மா வீட்டுக்கே வந்தார். ஆட்டுரல் குழி, உடைந்த வாளி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தட்டு, கொல்லையில் கிடந்த வண்டி டயர் எல்லாம் பார்த்தார். இந்தக் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாமாம். நல்ல தண்ணீர்தான் வேண்டுமாம். கடிப்பதும் பகலில்தான். கடைசியில் அண்டாவில் ஒரு டம்ளர் மோந்து வெயிலில் காட்டினார்.

நெளிந்துகொண்டிருந்தது. கொத்துக் கொத்தாய்.

அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது. "ஆத்தாளுக்கு வெச்ச தண்ணிங்க அது. அதுல புழுவுன்னு வாய் கூசாமச் சொல்றீங்களே!"

"ஆத்தா மேல நான் குத்தம் சொல்லலைங்க. கொசுவுக்கு ஆத்தாளும் தெரியாது, அண்டாவும் தெரியாது. உங்க பையனக் கடிச்சது உங்க மருமகளக் கடிச்சா?"

"வெள்ளிக்கெழம வரைக்கும் தொடப்படாது. வேண்டுதல்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அண்டாவைப் பார்த்தேன். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள் என்று எனக்குப் பெயர்.

நர்சம்மாதான் குரலைத் தணித்துக்கொண்டார். "புழு கெடக்கற தண்ணியில ஆத்தா இருப்பாளுங்களா? இத வெயில்ல மண்ணுல ஊத்திப்போட்டு, அண்டா உள்பக்கத்த நல்லா நாரு போட்டுத் தேச்சுப்போட்டு, புதுத் தண்ணி வெய்யுங்க. முட்டை ஓரத்துல ஒட்டியிருக்கும், சும்மா கவுத்தாப் போகாது. அண்டா வாய்க்குத் துணி கட்டிருங்க. வாரத்துக்கு ஒருக்கா இப்படித் தேய்க்கோணும்."

அத்தை உள்ளே போனார். பெட்டி திறக்கிற சத்தம். தன் மஞ்சள் சேலையைக் கொண்டுவந்தார், பழனிக்குக் கட்டிப்போனது. பல்லால் கடித்துக் கிழித்தார்.

"ஆத்தாளுக்குச் சீலை கட்டுனாப்பல இருக்கட்டும்."

அண்டாவை அவரே தேய்த்தார். என்னைத் தொடவிடவில்லை.

ஜூலை 26, வெள்ளி

பரிசோதனை முடிவு வந்தது, அவருக்கு ஜிகா இருந்திருக்கிறது. எனக்கு இல்லை என்று வந்திருக்கிறது. ஆனால் இல்லை என்பதை அப்படியே நம்பி விட்டுவிட முடியாதாம். ஸ்கேன் எடுத்து எடுத்துப் பார்க்கணுமாம்.

சரி.

ஜூலை 27

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பகலில் கொசுவலைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். முழுக்கை ஜாக்கெட். கையில் களிம்பு. சொன்னதெல்லாம் செய்கிறேன். பயமாய் இருக்கிறதா என்று அவர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இல்லை. எதுவுமே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் மரத்திருக்குமே, அப்படி. கன்னத்துக்குப் பதில் நான்.

தலைகளாய்ப் பார்க்கிறேன். பஸ்ஸில், ரேசன் கடையில், எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் முதலில் தலை. பூசணிக்காய் நறுக்கும்போதுகூடக் கையால் சுற்றளவு பார்த்துவிட்டேன். சே.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவர் வாசல் கட்டிலிலேயே படுக்கிறார். எதிர்வீட்டுக் காளியப்பன் சும்மா இருப்பாரா?

"என்ன மாதேசு, பொண்டாட்டி தொரத்திப்போட்டாளா? ஆத்தா எறங்கி மாசமாச்சு, நீயி கட்டல உட்டு எறங்கக் காணம்?"

இவர் திருதிருவென்று முழித்தார். நான் வலைக்குள். ஆஸ்பத்திரியில் சொன்னதை அத்தைக்கு நானும் விளக்கியதில்லை, அவரும் கேட்டதில்லை. அத்தை அம்மி பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். கையில் மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு. நடந்துபோய் மகன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டார்.

"அவன் ஆத்தாளுக்குக் காப்புக் கட்டிக்கறான். புள்ள பொறக்கற வரைக்கும் வெரதம். உனக்கென்னய்யா, நீயும் கட்டிக்கறயா? உம்பொண்டாட்டிகிட்டக் கேட்டுப் போட்டு வாரேன், இரு."

காளியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப்பின் தெருவில் யாரும் கேட்கவில்லை.

மாரியம்மன் நோன்பிக்குத்தான் காப்புக் கட்டுவார்கள், கோயிலில் கம்பம் நட்டபின். நோன்பியே இல்லாத மாசத்தில் காப்பு. அத்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 19, வியாழன்

ஐந்தாம் மாச ஸ்கேன். தலை அளவு சரியாக இருக்கிறதாம். "இப்போதைக்கு" என்றார் டாக்டர். அந்த வார்த்தை மட்டும் கூடவே பஸ் ஏறி வந்தது.

அக்டோபர் 3

வயிற்றுக்குள் உதைக்கிறது. அத்தை கை வைத்துப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். உதடுதான்.

நவம்பர் 15, வெள்ளி

மறுபடி ஸ்கேன். சரியாக இருக்கிறது. இப்போதைக்கு.

மழை விட்டபாடில்லை. ஆடியில் கூழ் ஊற்றியபின்னும் அண்டாவை எடுக்காமல், வெள்ளிக்கு வெள்ளி அத்தை தேய்த்து வைக்கிறார். அத்தை தெரு முழுக்கப் போய், "தொட்டியத் தேச்சீங்களா, டயரக் கவுத்தீங்களா" என்று கேட்கிறார். கந்தம்மாள் வீட்டுச் சிரட்டைகளை இவரே கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, "ஊட்டுக்குள்ள கொசுவ வளத்துப்போட்டு அரசாங்கத்த வையறாங்க" என்றார். ஜூலையில் இவர் பேசியதை நினைவு வைத்துக்கொண்டு நான் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன் போல.

டிசம்பர் 8, ஞாயிறு

போர் வண்டி வடக்கே கிளம்பியது. அவர் போகவில்லை. இங்கே பக்கத்துக் கோழிப்பண்ணையில் தீவன வண்டி ஓட்டுகிறார். காப்புக் கயிற்றில் மஞ்சள் போய் நூல் வெளுத்துவிட்டது. அவிழ்க்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

பெண். நேற்று விடியும்போது. அழுதாள். நர்சம்மா நாடாவைத் தலையில் சுற்றிப் பார்த்தார். சுற்றியது ஒரு நிமிஷம்கூட இருக்காது. "சரியா இருக்குது சித்ரா" என்றார். கண், காதெல்லாம் இன்னும் பார்க்கணுமாம், வளர வளரக் கூட்டிவரணுமாம்.

சரி என்றேன். எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வார்த்தைதான் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 27, வியாழன்

அத்தை காலை நீட்டி உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தார். காலைப் பிடித்து நீவி, மூக்கைப் பிடித்துவிட்டு, தலையை இரண்டு கையிலும் ஏந்தி உருட்டினார். உருட்டினவர் நிறுத்திவிட்டார். கை அப்படியே இருந்தது.

"என்னங்கத்தை?"

"ஒண்ணுமில்ல கண்ணு. கை நெறையுது."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு எங்கேயிருந்து வந்ததென்று தெரியவில்லை. ஏழெட்டு மாசத்து அழுகை. மூக்கு ஒழுக, சத்தம் போட்டு. அழுகைச் சத்தம் கேட்டு அவர் வாசலிலிருந்து ஓடிவந்து, குழந்தையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அழுவட்டும் உடு," என்றார் அத்தை. "நீ கையக் காட்டு." எண்ணெய்க் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, கொஞ்ச நேரம் ஆனது.

குழந்தை இப்போது வலைக்குள் தூங்குகிறது. நாளை வெள்ளி. அண்டா தேய்க்க வேண்டும். இனி நான் தேய்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.