உங்கள் தங்கையின் கையெழுத்து

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நலம், உங்கள் நலமும் குறையாதிருக்கட்டும். வீட்டை விற்கும் பத்திரமும் நீங்கள் எழுதிய நாலு வரியும் வந்து சேர்ந்தன. உங்கள் தங்கையிடம் எதையும் விளக்க வேண்டாம், கையெழுத்தை வாங்கி அனுப்பினால் போதும் என்கிறீர்கள். உங்கள் அப்பா கட்டிய வீட்டில் அவளுக்கும் பாதி என்பது உங்களுக்கு நினைவிருப்பதே பெரிய விஷயம். உங்கள் மகன் கல்யாணத்தில் எம்.ஏ. படித்த என்னைக் கார்களுக்கு இடம் காட்ட நிறுத்தினீர்களே, அதுவும் எனக்கு நினைவிருக்கிறது. போகட்டும்.

உங்கள் தங்கையைத் தையல் ஆலையில் தொழிலாளர் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த வாயில்லாப் பூச்சியையா என்பீர்கள். கேளுங்கள்.

அங்கே ஒரு வழக்கம். முடிவை எடுத்துவிட்டுத்தான் பிரதிநிதிகளை மேலாளர் அறைக்குக் கூப்பிடுவார்கள். டீ, பிஸ்கட் வரும். மேலாளர் முடிவை வாசிப்பார். டீ ஆறுவதற்குள் ‘கலந்து பேசப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இஸ்திரிப் பிரிவை ஊருக்கு வெளியே மாற்றும் முடிவும் போன மாதம் அப்படித்தான் வந்தது. உங்கள் தங்கை டீயையும் தொடவில்லை, பேனாவையும் தொடவில்லை.

“கல்யாணத்தையே முடிச்சிட்டு, பொண்ணுக்கு மாப்பிள்ளையைப் புடிச்சிருக்கான்னு கேக்குறீங்களே சார்!” என்றாளாம்.

“அதான் சொல்லிட்டோமேம்மா” என்று மேலாளர் இழுத்திருக்கிறார்.

“சொல்றது வேற, கேக்குறது வேற சார். விவரத்தைக் கையில குடுங்க. எங்க ஆளுங்களைக் கேட்டுட்டு வர்றோம், அப்புறம் பேசுவோம். சட்டமும் அதைத்தானே சொல்லுது?”

அவளோடு வேலை பார்க்கும் பெண் இதை எங்கள் வாசலில் நின்று நடித்தே காட்டினாள். மேலாளரின் தொண்டைக் கனைப்பு உட்பட. விவரம் கைக்கு வந்தது. ஒரு வாரம் பேசினார்கள். பிரிவு மாறத்தான் போகிறது. ஆனால் ஆலை வண்டி அழைத்துப் போகும். கைக்குழந்தைக்காரிகள் இங்கேயே இருப்பார்கள்.

அந்தக் கல்யாணப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது நம் இருவருக்கும் தெரியும். அவளைக் கேட்காமல் முடிவெடுத்தவர் நீங்கள். அந்த முடிவு நான். இருந்தும் அதைக் கேட்டபோது என் நெஞ்சு நிமிர்ந்துதான் போனது.

பத்திரத்தை அவளிடம் கொடுத்தேன். ஒரு வரி விடாமல் படித்தாள். “யாருக்கு விக்கிறாரு, எதுக்கு விக்கிறாருன்னு அண்ணன் முதல்ல சொல்லட்டும்” என்றாள். கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன்.

நேரில் வாருங்கள். அவள் எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். சம்மதித்தாலும் சம்மதிப்பாள். டீ நான் போடுகிறேன்; ஆறினால் ஆறட்டும், இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்