சொம்பின் நசுங்கல்

மச்சான்,

வெண்டை விதையை ஊறப்போட இன்று காலை அலுமினியச் சொம்பை எடுத்தேன். விளிம்பில் இருக்கும் நசுங்கல் விரலில் பட்டது. உன் வாயில் நான் ஓங்கி அடித்தபோது விழுந்த நசுங்கல்.

வேப்பம்பட்டில் நாம் இருவரும் குத்தகைக்கு எடுத்துப் பயிர் பார்த்த அந்த அரை ஏக்கர். தை பிறப்பதற்குள் வெண்டை தலைகாட்டாவிட்டால் நிலத்தைத் திரும்ப எடுத்து வேலி போட்டுவிடுவேன் என்று நிலத்துக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். முதல் விதைப்பில் பாதிகூட முளைக்கவில்லை. லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் துத்தநாக சல்பேட் கரைத்து, அதில் விதையை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் ஒன்றுபோல முளைக்கும் என்றார் வேளாண் அலுவலக அம்மா. உரக்கடைக்குப் போடா என்றால், நீ வேலை பார்த்த அம்பத்தூர் முலாம் பட்டறையிலிருந்து ஏதோ உப்பை அள்ளி வந்தாய். இதுவும் துத்தநாகம்தானே என்று ஒரு கைப்பிடி போட்டாய். "கொஞ்சமா போட்டா கொஞ்சமாத்தான் மொளைக்கும்" என்றாய், பெரிய விஞ்ஞானி.

பத்து நாள் கழித்து மண்ணைக் கிளறினால் எல்லாம் கறுத்துக் கூழாகிக் கிடந்தன. எனக்கு வெறி ஏறியது.

"மச்சான், ஒரு நிமிசம் இரு, நான் இன்னா சொல்றேன்னா..."

உன்னைச் சொல்ல விட்டேனா? கையிலிருந்த சொம்பாலேயே அடித்தேன். பல் தெறித்தது. வரப்பில் தள்ளி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, கை வலிக்கும்வரை அடித்தேன். ஆவடியில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே ஒன்று வாங்கினால் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவன் நீ. அன்று கையைக்கூடத் தூக்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்து போனாய். பொங்கலுக்கு நிலத்தைச் சுற்றி வேலி வந்துவிட்டது.

இரண்டு வருஷம் நாம் பேசவில்லை. போன மாதம் வானகரத்தில் ஒரு லாரி உன்னை அடித்துப் போட்டது. காரியத்தன்று உன் மனைவி ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள்.

"பாதி வெதைய ஊறப்போடாம தனியா எட்த்து வெச்சிகினு இருந்தாருண்ணா. அதைச் சொல்லத்தான் அன்னிக்கு வாயத் தொறந்தாராம். நீங்க உடலையாமே?"

கோபமாகக் கேட்கவில்லை. என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்றே அதை விதைத்திருந்தால் தைக்குள் முளைத்திருக்கும்.

அந்த விதைதான் இப்போது சொம்பில் ஊறுகிறது, உரக்கடை உப்பை அளந்து போட்ட தண்ணீரில். முளைத்தால் திருமுல்லைவாயில் வீட்டு மாடித்தொட்டியில் நடுவேன். யாராவது "ஒரு நிமிசம் இரு" என்றால் இப்போதும் என் கை தானாக முஷ்டியாகிறது. பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

ஒரு அடியாவது திருப்பி அடித்திருக்கலாம் நீ.