ஞாயிற்றுக்கிழமைப் படம்

திருவண்ணாமலை,
12-10-1958, ஞாயிறு

அன்புள்ள ஜோதிக்கு, உன் தருமன் ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் குழந்தை பாஞ்சாலையும் என் அக்காவும் சுகம். மதனப்பள்ளி க்ஷயரோக ஆஸ்பத்திரியில் உன் இருமல் குறைந்து, சோறு இறங்கி, நீ தேறிவர அண்ணாமலையார் அருள் செய்யவேண்டும்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, ஒளிப்பானேன்? கடிதத்தைச் சுருட்டி டிக்கெட் பைக்குள் திணித்துக்கொண்டு, செஞ்சி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் ஏறியவர்கள் இறங்கியவர்கள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். டிரைவர் ராமதாஸ், "இன்னாய்யா கண்டக்டரே, வூட்ல சண்டையா?"ன்னு கேட்டார். சண்டை போட வீட்டில் நீ இருந்தால்தானே!

நீ எழுதியது இரண்டு விஷயம். விலா எலும்பில் ஆபரேஷன் செய்யப் போகிறார்கள், பிழைப்பேனோ தெரியாது, என் தங்கை சரோஜாவைக் கட்டிக்கொள்ளுங்கள் என்பது ஒன்று. நோயாளி தொட்ட காகிதம் குழந்தைக்கு ஆகாது, இனிமேல் படம் அனுப்பமாட்டேன் என்பது இன்னொன்று. படத்தைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன்.

இந்த விளையாட்டை ஆரம்பித்தவள் நீ. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், ஒரு யானையின் பின்பக்கத்தை மட்டும் வரைந்து அனுப்பி, முன்பக்கத்தை நீங்கள் போடுங்கள் என்று எழுதினாய். கத்தரிக்கோல் கூடாது, கையால்தான் கிழித்து ஒட்டவேண்டும், அழகாக வராவிட்டால் போகிறது, பார்த்தால் சிரிப்பு வரவேண்டும் என்று சட்டம் வேறு போட்டாய். எனக்கோ நேராக ஒரு கோடு இழுக்க வராது. நான் போட்ட தும்பிக்கையைப் பார்த்து, "நைனா, இது பொடலங்கா"ன்னு உன் மகள் சொல்லிவிட்டாள்.

இப்போது ஞாயிறு வந்தால் அவளைப் பிடிக்க முடியாது. இட்லி தின்ற கையைச் சரியாகக் கழுவக்கூட மாட்டாள், பாயை விரித்துவிடுவாள். வாரமெல்லாம் நான் பஸ்ஸில் பொறுக்கிய பச்சை டிக்கெட், ரோஸ் டிக்கெட், வறுத்த மல்லாட்டைக் கடலைப் பொட்டலம் கட்டிய காகிதம், பீடிக்கட்டு லேபிள் எல்லாவற்றையும் கொட்டுவோம். அக்கா மைதாப் பசை காய்ச்சிக் கொடுப்பாள். கொடுக்கும்போதே, "வயசு முப்பதாவுது, காயிதம் கிழிச்சிக்கினு குந்தினு இருக்கான் பாரு"ன்னு ஒரு பாட்டுப் பாடுவாள். போன வாரம் நாங்கள் பார்க்காத நேரத்தில் அவளே ஒரு காக்காயை ஒட்டிவைத்திருந்தாள். கேட்டால், எனக்கென்ன தெரியும் என்கிறாள்.

நீ அனுப்பும் படத்தை ஒரு பகல் முழுக்க ஓட்டின்மேல் வெயிலில் வைத்த பிறகுதான் குழந்தை கையில் கொடுக்கிறேன். போன தடவை நான் வந்தபோது, அது போதும் என்று டாக்டர் சொன்னாரே, நீயும் கேட்டுக்கொண்டுதானே படுத்திருந்தாய்? அப்புறம் ஏன் இந்தச் சாக்கு? எனக்குத் தெரியும், ஜோதி. குழந்தை உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கட்டும் என்று பார்க்கிறாய். போகிறவளைப் போல எனக்கு எழுதாதே. என்னால் தாங்க முடியவில்லை.

இன்று காலையும் பாஞ்சாலை பாய் விரித்தாள். உன் கவரைத் தலைகீழாக உதறிப் பார்த்தாள். "அம்மாவுக்குக் கை வலிக்குதா நைனா?"ன்னு கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப இந்த வாட்டி நாம பாதி போட்டு அனுப்பலாம். வலி போனதும் அம்மா மீதி போடட்டும்"ன்னாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

இனி சரோஜா விஷயம். நேற்று அவள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்தாள். மறைப்பது சரியல்ல என்று உன் கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். படித்து அழுதாள். பிறகு வந்ததே கோபம்! "அக்காளுக்குப் புத்தி கெட்டுப்போச்சா மாமா? அவ உசுரோட இருக்கும்போதே அவ எடத்துல என்னைக் கொண்டாந்து வெக்கிறாளா? நான் இன்னா மாத்துத் துணியா?"ன்னு கத்தினாள். என் அக்கா மட்டும், "அவளே சொல்றாளேடா"ன்னு இழுத்தாள். நான் திரும்பிப் பார்த்தேன், அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இன்னொரு சேதி. உன் அப்பா சரோஜாவுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பையன் பெயர் அர்ஜுனன், பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மாதிரி. தை மாதம் கல்யாணம். ஆனால் உன் தங்கை என்ன சொல்கிறாள் தெரியுமா? "அக்கா வந்து நலங்கு வெச்சாத்தான் மணையில குந்துவேன், இல்லாட்டி எவன் வந்து நின்னாலும் வேணாம்"ன்னு என் எதிரிலேயே சத்தியம் செய்தாள். பிடிவாதத்தில் உனக்குத் தங்கைதானே! அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றால் பழி உன்மேல்தான், சொல்லிவிட்டேன்.

அந்தக் கல்யாணத்தைத்தான் இன்று படமாகப் போட்டோம். பெண்ணுக்கு ரோஸ் டிக்கெட்டில் புடவை. மாப்பிள்ளைக்குத் தலை பெரிதாகிவிட்டது, வாத்தியார்தானே, இருக்கட்டும் என்று விட்டோம். மீசையோடு நிற்கும் பீடி லேபிள்காரன் நான். நலங்கு வைக்கிறவளை நான் வரையப் போனேன். "கைய எடு நைனா, அது அம்மா வேலை"ன்னு பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த இடத்தைக் காலியாக விட்டுப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆபரேஷன் காகிதத்தில் கையெழுத்துப் போட வியாழக்கிழமை வருகிறேன், காட்பாடியில் ரயில் மாறி மாலைக்குள் வந்துவிடுவேன். முதலாளி லீவு கொடுத்துவிட்டார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, ஜோதி. உன்னை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே எப்படி நிற்கப் போகிறேனோ. ஆனாலும் நிற்பேன். நீ கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், தட்டாதே. உனக்கு ஆசை பொறுக்காது, படம் கைக்கு வந்ததும் பென்சிலை எடுப்பாய். எடுக்காதே. ஆபரேஷனுக்கு முன்னால் அதைத் தொடவே தொடாதே, மடித்துத் தலையணைக்கு அடியில் வை. உள்ளே போகும்போது உனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கட்டும்.

அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் உன் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
தருமன்