அப்பா கையெழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? நாங்கள் சுகம்.

உன் பேத்தியை அறைக்குள் பூட்டிவிட்டுச் சமையல் வேலைக்குப் போக மனம் வரவில்லை. இங்கே பக்கத்தில், டாக்குரியாவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் கேட்டேன். அப்பா கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம். கிடர்பூர் லாரி நிறுத்தத்துக்குப் போய், எங்களை விட்டுப்போன உன் மாப்பிள்ளையைப் பிடித்தேன். "எவன்கூடச் சுத்தறதுக்குடி பிள்ளைய அங்க விடுற?" என்று என் வலது கை விரல்களைத் தன் லாரிக் கதவில் வைத்து நசுக்கினான். நான் இடது கையால் லாரியில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து அவன் முழங்காலில் போட்டேன். உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டான்.

அதே இடது கையால்தான் இதை எழுதுகிறேன். கோணலைப் பார்த்துப் பயப்படாதே. கையைத் தூக்கிக் கட்ட உன் பழைய சேலை ஒன்று அனுப்பு, துவைக்காமல்.

வேலைக்கு நேரமாகிறது. காப்பகத்தில் வருஷாவருஷம் அப்பா கையெழுத்து வேண்டுமாம். கம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

உன் செங்கமலம்