தேவானையின் லெட்டர்பேட்

ஜனவரி 8

தண்ணீர் லாரி வரவில்லை. காலையிலிருந்து பதினேழு போன். கவுன்சிலராகி நான்கு வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றது லாரி டிரைவர்களின் பெயர்களைத்தான்.

சாயங்காலம் அடையாற்றுக் கரைக் குடியிருப்பில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பிப்ரவரி இருபதுக்குள் காலி செய்துவிட்டு, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கட்டியிருக்கும் அடுக்குமாடிக்குப் போக வேண்டுமாம். மார்ச்சில் பத்தாவது பரீட்சை. அங்கே முப்பத்தொரு பிள்ளைகள் எழுதுகிறார்கள். எந்த மகராசன் இந்தத் தேதியைக் குறித்தான்?

ஜனவரி 10

குடியிருப்பில் பாதி என் வார்டு, பாதி தேவானை வார்டு. அவள் கட்சி எங்களுக்கு நேர் எதிர். நான் போய்க் கேட்டால் அதிகாரி, "அந்த வார்டு மேடம் ஒத்துக்கிட்டாங்களே" என்கிறார். அவளிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவளே போன் செய்தாள்.

"இன்னா ஜஹீதா, நீ ஒத்துக்கினியாமே?"

நான்கு வருடம் கழித்துக் கேட்ட குரல். என் நம்பரை அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

ஜனவரி 12

துணி மடிக்கும்போதெல்லாம் நானும் தேவானையும் ஏஜென்டாக உட்கார்ந்த முதல் ஓட்டுச்சாவடியே ஞாபகம். முப்பது வருடம் ஆகிறது. கார்ப்பரேஷன் பள்ளி, ஒரே பெஞ்சு, அவள் கட்சிக்கு அவள் ஏஜென்ட், என் கட்சிக்கு நான். ஓட்டுப் போட வருகிறவர்களின் பெயருக்குப் பட்டியலில் டிக் போட வேண்டும். பட்டியலை வெளியே எடுத்துப் போகக் கூடாது. அப்போது அஃப்தாப் என் வயிற்றில். மணிக்கொரு தடவை பாத்ரூம். தேவானை என் பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, "நீ போய்ட்டு வா, நான் போடறேன்" என்றாள். இரண்டு கட்சிக்கும் அவளே டிக் போட்டாள். சாயங்காலம் எண்ணினால் ஒன்றுகூடப் பிசகவில்லை.

கட்சி கொடுத்த புளிசாதத்தை ஒதுக்கிவிட்டு, அவளுடைய வஞ்சிரக் குழம்பையும் என் தால்ச்சாவையும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அவர்கள் ஜெயித்தார்கள். எனக்கு அரைக் கிலோ பூந்தி கொடுத்தனுப்பினாள்.

ஐந்து தேர்தல் அப்படிப் போனது. பிறகு இருவரும் கவுன்சிலரானோம், பேச்சு நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கட்சிக்குப் பயந்துகொண்டு நாங்களே நிறுத்தினோம். அந்த நாட்கள் திரும்பி வருமா என்ன?

ஜனவரி 19

இரண்டு பேரும் சேர்ந்து ஒரே மனு. பரீட்சை முடியும்வரை யாரையும் கிளப்பக் கூடாது.

அதிகாரி நான்கு மணிக்குக் கிளம்புகிறார் என்றதும் ஓட்டமாக ஓடினோம். என் லெட்டர்பேட் வீட்டில். அவளுடையது பையில் இருந்தது. அதிலேயே மாடிப்படியில் உட்கார்ந்து எழுதினோம். கீழே அவள் கையெழுத்து, பக்கத்தில் என்னுடையது. இந்த முறை அதிகாரிக்குச் சாக்குச் சொல்ல ஆளில்லை.

வெளியே வந்து டீ. அவளுக்கும் சுகர் வந்துவிட்டதாம். சர்க்கரை போடாத டீயை இரண்டு பேரும் முகம் சுளித்துக்கொண்டே குடித்தோம்.

ஜனவரி 20

அவள் லெட்டர்பேடின் உச்சியில் அவர்கள் தலைவர் படம். சிரித்தபடி கும்பிடுகிறார். அவருக்குக் கீழே என் கையெழுத்து!

யாரோ அதைப் படம் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, எங்கள் கட்சி வாட்ஸ்அப் குழுவில் விட்டிருக்கிறார்கள். 'எவ்ளோக்கு விலை போன அக்கா?' நான் கட்சியில் சேர்த்துவிட்ட சிம்ராகூடக் கட்டை விரலைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறாள்.

போஸ்டரில் எங்கள் தலைவர் படம் ஓர் அங்குலம் சின்னதானால் கண்டுபிடிப்பவள் நான். இதில் எப்படிக் கோட்டை விட்டேன்?

ஜனவரி 23

தி.நகர் அலுவலகத்துக்கு மாவட்டச் செயலாளர் கூப்பிட்டார். டைப் அடித்த தாள் தயாராக இருந்தது. வெற்றுத் தாளில் தேவானை என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினாளாம்.

"ஒரு கையெழுத்தப் போடும்மா. வட்டச் செயலாளர் பதவியும் இருக்கும், அடுத்த தடவ சீட்டும் இருக்கும்."

"அப்ப மனு?"

"செல்லாமப் போவும். போகட்டுமே."

இரண்டு நாள் அவகாசம்.

ஜனவரி 24

தேவானையிடம் சொன்னேன். "போட்டுடு. எங்காளுங்க ஏற்கெனவே என்னைத் திட்டிக்கினுதான் கீறாங்க, இதையும் தாங்கிக்கிறேன். நீ பதவிய வுட்றாத" என்றாள்.

பெரிய தியாகி. எனக்கு இன்னா கோவம் வந்துது தெரியுமா — அந்தப் புள்ளைங்க புக்க மூட்ட கட்டிக்கினு எங்க போவும்? போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஜனவரி 25

கையெழுத்துப் போடவில்லை.

பிப்ரவரி 2

கட்சியிலிருந்து நீக்கம். கட்சிப் பத்திரிகையில் எட்டாம் பக்கம், மூன்று வரி. முப்பது வருடத்துக்கு மூன்று வரி. வலிக்கிறது.

"கவுன்சிலர் வேல இன்னும் உன்னுதுதாம்மா. லாரிக்காரனுக்குப் போன் போடு" என்கிறான் அஃப்தாப்.

பிப்ரவரி 18

மே முப்பதுவரை ஒத்திவைப்பு. ஆணை கைக்கு வந்துவிட்டது.

தேவானை அரைக் கிலோ பூந்தி கொடுத்தனுப்பினாள். சுகராவது ஒன்றாவது. சாப்பிட்டேன்.

ஏப்ரல் 23

சட்டசபைத் தேர்தல். ஓட்டுப் போடப் போனேன். அதே பள்ளி. எந்தக் கட்சிக்கும் இல்லாமல் அந்த அறைக்குள் நுழைந்தது இதுதான் முதல் தடவை.

தேவானைக்கு அவள் கட்சியில் இந்த முறை பிரசார மேடை கிடையாது. பழையபடி ஏஜென்டாக உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்தில் எங்கள் — இல்லை, அவர்கள் — கட்சிக்காகச் சிம்ரா. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். வரிசை நகர்ந்தது. நான் மேசையை நெருங்கும்போது சிம்ரா எழுந்து, "தேவானைக்கா, பாத்ரூம் போய்ட்டு வந்துர்றேன், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று பட்டியலை நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

ஓட்டுச்சாவடி அதிகாரி என் பெயரை உரக்கப் படித்தார். தேவானை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் பட்டியலில் என் பெயருக்கு டிக் போட்டாள். பிறகு சிம்ராவின் பட்டியலை இழுத்து, அதிலும் போட்டாள்.